பாதிரி இன்னும் சாப்பிடவில்லை

குலா, மாவி தீவு
செப்டம்பர் 17, 2017

டெல்வின்,

முதலில் நல்ல செய்திகள். மாரிசெல் நர்ஸ் பரீட்சையில் ஒரே தடவையில் பாஸ் செய்துவிட்டாள். கூடப் படித்த பதினாறு பேரில் நாலு பேர்தான் பாஸ். ஜோமார் விமானப்படையில் சார்ஜென்ட் ஆகிவிட்டான். குவாமில் பெரிய அதிகாரியே கை குலுக்கினாராம். கிறிஸ்டீன் குலா வெங்காயம் ஏன் கண்ணைக் கரிக்காது என்று அட்டை ஒட்டி விளக்கிப் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கினாள். வெங்காயம் நான் கொடுத்ததுதான். குட்டிப் பயல் பிரைஸ் ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். ஒரு பந்து பள்ளி வேன் கண்ணாடியை உடைத்தது. அதையும் சாதனையில்தான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பூசை முடிந்து வெளியே நிற்கும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்கிறார்கள். உன்னைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு வருஷமாக யோசித்து வைத்திருக்கிறேன். அதற்கும் வேலை வரவில்லை.

இன்னொன்று. மாதா சுரூபம் இந்த வருஷம் நம் வீட்டுக்கும் வருகிறது. கிளாரன்ஸ் செத்ததிலிருந்து ஜெபமாலைக் கூட்டத்தார் அவர் மனைவி லுர்லீன் வீட்டிலிருந்து சுரூபத்தை எடுத்து, நம் வாசலைத் தாண்டி, அடுத்த வீட்டுக்குக் கொண்டு போனார்கள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை லுர்லீனே, “எதுக்குத் தாண்டறீங்க? வரிசைப்படியே போகட்டும்” என்று சொல்லிவிட்டாளாம். 23ஆம் தேதி சாயங்காலம் அவள் கையாலேயே கொண்டு வந்து கொடுப்பாள். ஒரு வாரம் தினமும் ஜெபமாலை, சாப்பாடு. பங்குச்சாமியாரும் வருவார்.

அதனால் பச்சோந்திக் கூண்டை வராந்தாவிலிருந்து எடுத்துத் துணி துவைக்கிற கொட்டகையில் வைத்துவிட்டேன். நீ பலகையில் ‘டெல்வின் – தொடாதே’ என்று சிவப்பு பெயின்டில் எழுதி மாட்டியிருக்கிறாய். கணவனைப் பறிகொடுத்தவள் கையில் மாதாவோடு படியேறி வரும்போது அவள் கண்ணில் முதலில் அதுவா பட வேண்டும்?

கொட்டகையில் டிரையர் ஓடுவதால் வெதுவெதுப்பாக இருக்கிறது. மலைப்பனி படாது. பெரிய கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகப் பச்சோந்தி வெட்டுக்கிளியைக் குறைவாகத் தின்கிறது. இடம் புதுசு, அவ்வளவுதான்.

லிலாங்

*

அரிசோனா
செப்டம்பர் 26

லிலாங் பாட்டி,

கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க ஒன்பது நாள் ஆகிறது. இது உங்களுக்கு வர இன்னும் ஒன்பது நாள். அதனால் இந்த வரியைப் படித்ததும் மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் பாதிரியைக் கூண்டோடு வெளியே கொண்டுவந்து வையுங்கள்.

செய்துவிட்டீர்களா? இப்போது படியுங்கள்.

கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்றே அதற்குத் தெரியாது. இலையில் சொட்டுவதைத்தான் குடிக்கும். வராந்தாவில் தினமும் மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கி இலையெல்லாம் நனையும். அதனால் நான் தனியாகத் தண்ணீர் கொடுத்து நீங்கள் பார்த்ததே இல்லை. சொல்லிக்கொடுக்காமல் வந்தது என் தப்புதான். ஒரு டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கூண்டுக்கு மேல் தொங்க விடுங்கள். கீழே செடி இருக்கட்டும். சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். டிரையர் பக்கத்தில் வைக்கவே கூடாது. அது குளிர் மலைப் பிராணி.

கண் உள்ளே போயிருக்கிறதா? பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறதா? நிறம் கறுத்திருக்கிறதா? எழுதுங்கள்.

வெறும் பச்சோந்திதானே என்று நினைக்காதீர்கள். வெங்காய அறுவடை நாளில் ஆவகாடோ மரத்தில் அதைப் பிடித்து என் தொப்பியில் வைத்தவர் கிளாரன்ஸ் அங்கிள். “பாருடா, தூபக்கால் ஆட்டிக்கிட்டுப் பூசைக்குப் போற பாதிரி மாதிரியே நடக்கறான்” என்று சிரித்துச் சிரித்துப் பெயர் வைத்தவரும் அவர்தான். எனக்கு முதல் வேலை கொடுத்தவரை நான் குடித்துவிட்டு வண்டி ஓட்டி அவர் வீட்டு கேட்டிலேயே கொன்றேன். அவர் கையால் எனக்குக் கொடுத்ததில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். இதையும் சாக விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறேன். நீங்கள் எடுக்கிறீர்கள். ‘இது சிறைக் கைதியிடமிருந்து வரும் அழைப்பு, ஏற்க ஒன்றை அழுத்தவும்’ என்று அந்தப் பதிவுக் குரல் சொன்னதும் வைத்துவிடுகிறீர்கள். மாரிசெல் நம்பரை மாற்றிவிட்டாள். என் பட்டியலில் இருப்பது உங்கள் நம்பர் ஒன்றுதான். போனில் சொல்லியிருந்தால் இதெல்லாம் அரை நிமிஷப் பேச்சு.

மாரிசெலுக்கு வாழ்த்து. எல்லோருக்கும் வாழ்த்து.

டெல்வின்

*

குலா
அக்டோபர் 1

டெல்வின்,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இன்னொன்று எழுதுகிறேன்.

லுர்லீன் வந்தாள். சுரூபத்தைக் குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டில் நடந்தே வந்தாள். பின்னால் கூட்டம் பாடிக்கொண்டு வந்தது. நான் மல்லிகை மாலையோடு படியில் நின்றேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவள், “கனமா இருக்குக்கா, பிடிங்க” என்றாள். பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். ஏழு நாளும் வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், கடைசி ஆமென் சொன்னதும் எழுந்து போனாள். என் வீட்டுச் சோற்றில் ஒரு பருக்கை தொடவில்லை.

பச்சோந்தியும் தொடவில்லை. இன்றோடு பத்து நாள். வெட்டுக்கிளி அதன் முதுகிலேயே ஏறி உட்கார்கிறது, அது திரும்பிப் பார்ப்பதில்லை. பச்சையே போய்விட்டது, அடிப்பிடித்த சட்டி நிறத்தில் இருக்கிறது. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது. கடைசி நாள் சமையலறையில் என்னை அறியாமல் “பாதிரி இன்னும் சாப்பிடலையே” என்று முணுமுணுத்துவிட்டேன். பக்கத்தில் நின்றவள் ஓடிப் போய்ப் பங்குச்சாமியாருக்கு மூன்றாவது தட்டு நூடுல்ஸ் வைத்துவிட்டாள். அவரும் பாவம், மரியாதைக்காகத் தின்று தீர்த்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. முருங்கைக்கீரை போட்ட கோழிச்சாறு வைத்துச் சொட்டு மருந்துக் குழாயால் வாயோரம் விட்டேன். தேங்காய் எண்ணெய் சூடு பண்ணி வயிற்றில் தடவினேன். டிரையரில் சுட வைத்த துண்டில் சுற்றி வைத்தேன். உன் அம்மாவையும் உன்னையும் அப்படித்தான் பிழைக்க வைத்தேன். கிண்ணத்தில் தினமும் புதுத் தண்ணீர் மாற்றுகிறேன். ஒரு சொட்டுக் குறையவில்லை.

கூட்டம் முடிந்துவிட்டது, வராந்தாவுக்கே மாற்றலாம். ஆனால் இவ்வளவு நோயாளியைப் பனியில் வைப்பதா என்று பயமாக இருக்கிறது. நீ சொன்னபடி செய்கிறேன். சீக்கிரம் எழுது.

லிலாங்

*

அரிசோனா
அக்டோபர் 9

லிலாங் பாட்டி,

முதல் தேதிக் கடிதம் கிடைத்தது. நீங்கள் அதை எழுதிய நாளில் என் கடிதம் எங்கோ ஒரு சாக்குக்குள் கிடந்திருக்கிறது. இப்போது கிடைத்திருக்கும். கிடைத்தும் பயன் உண்டா என்று தெரியவில்லை. கண் குழிந்துவிட்டது என்றால் உள்ளே எல்லாம் வற்றிவிட்டது என்று அர்த்தம். கோழிச்சாறு வேண்டாம். எண்ணெய் வேண்டாம். சூடு வேண்டவே வேண்டாம்.

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிடுகிறேன். லுர்லீன் ஆன்ட்டிக்காக அந்தக் கூண்டை எடுத்தேன் என்கிறீர்கள். பலகையை மட்டும் கழற்றியிருக்கலாமே. இரண்டு ஆணிதான். பெயரை எடுத்துவிட்டு உயிரை வெளியே வைத்திருக்கலாம். உங்களுக்கு என்னுடையது எதுவுமே கண்ணில் படக் கூடாது. இரண்டு வருஷமாக என்னையும் அப்படித்தான் துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். வெதுவெதுப்பாகத்தான் வைத்திருக்கிறீர்கள், மாதம் ஒரு கடிதம், எல்லார் சாதனையும்.

நேற்று ஞாயிறு. நேற்றும் வைத்துவிட்டீர்கள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

டெல்வின்

*

குலா
அக்டோபர் 12

டெல்வின்,

26ஆம் தேதி நீ எழுதியது அஞ்சாம் தேதி வந்தது. முதல் வரியைப் படித்ததும் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். கூண்டை வெளியே இழுத்தேன். டின் தொங்கவிட்டேன். முதல் சொட்டு இலையில் விழுந்ததும் அது நகர்ந்து வந்து வாயைத் திறந்தது. ஒரு மணி நேரம் குடித்தது. ஒரு பிராணி அவ்வளவு நேரம் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக முடியவில்லை.

ஆனால் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. பிடி தளர்ந்து கிளையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது.

சனிக்கிழமை காலை எனக்குத் தெரிந்த கடைசி வேலையைச் செய்தேன். நீ சிரிப்பாய். நான் பிறந்த ஊரில் பயந்து போய்ச் சோறு இறங்காமல் கிடக்கும் பிள்ளைக்கு, அதன் உயிர் எங்கோ பின்தங்கிவிட்டது என்பார்கள். எங்கே விட்டுவிட்டு வந்ததோ அங்கே போய்க் கூப்பிட வேண்டும். இது எங்கிருந்து வந்தது? லுர்லீன் வீட்டு ஆவகாடோ மரம். உன் தொப்பியில் ஒரு பிடி அரிசி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவள் டிரக்கைக் காணோம், வீட்டில் இல்லை என்று நினைத்துக் கேட்டைத் திறந்தேன். அந்தக் கேட்டைத்தான். புதுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். மரத்தடியில் தொப்பியை வீசி வீசிச் சத்தமாகவே கூப்பிட்டேன். “வா, வந்துடு. இங்கயே நின்னுடாத. வீட்டுக்குப் போலாம், வா.”

மூன்றாம் தடவை கூப்பிடும்போது பின்னால் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். லுர்லீன். கையில் மண்ணோடு முட்டைக்கோஸ். முகத்தில் ரத்தமே இல்லை.

“யாரைக் கூப்பிடறீங்க?” என்றாள்.

“பச்சோந்தியை.”

“பச்சோந்தியையா?” கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். “நான் வேற ஆளைன்னு நெனச்சிட்டேன். அவரைக் கூப்பிட்டா வருவாருன்னா, ரெண்டு வருஷமா இந்த மரத்தடியில நானும் தொண்டை கிழியக் கத்தியிருப்பேனே.”

டெல்வின், நான் முட்டி போட்டுவிட்டேன். ஜெபத்துக்கு இல்லை. அவள் தூக்கிவிடவில்லை. நானாக எழும்வரை நின்றாள். பிறகு, “எங்க இருக்கு, காட்டுங்க” என்றாள்.

வராந்தாவில் உன் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தாள். கூண்டுக்குள் கையை விட்டுப் பாதிரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“அவரோடதுதானே இது? மூணு கொம்புல அந்த நடுக்கொம்பு வளைஞ்சிருக்கே, அதேதான். எத்தனை நாளாத் தண்ணி இல்லாம இருந்தது?”

“பதினெட்டு நாள். கூடவும் இருக்கலாம்.”

“ஏன்?”

அவள் சுரூபத்தோடு வருவதற்கு முன் மறைத்து வைத்தேன் என்றேன். அவளுக்காகத்தான் என்றேன்.

“எனக்காகவா? நான் கேட்டேனா? தினமும் பனி இறங்கற மலையில உக்காந்துக்கிட்டு ஒரு பிராணியைத் தாகத்துல காயப் போட்டிருக்கீங்க. மாதாவுக்கு மட்டும் தினம் மூணு வேளை பூ மாத்தினீங்க.”

அவள் சொன்னது சரிதான்.

திங்கட்கிழமை அவள் டிரக்கிலேயே கீழே கஹுலுய் டவுனுக்குப் போனோம், பிராணி வைத்தியரிடம். ஷூ பெட்டியில் ஈரப் பெரணி இலை விரித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மலை இறங்கி முடிக்கிற இடத்தில், “வேலைக்கு வர்ற நாள்ல அவன் இந்த சீட்லதான் உக்காருவான். ஜன்னலுக்கு வெளிய கையை விட்டுக்கிட்டே வருவான்” என்றாள்.

வைத்தியர் சின்னப் பெண். ஊசியால் தண்ணீர் ஏற்றினாள், ரத்தம் எடுத்தாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். “தண்ணி இல்லாம ரொம்ப நாள் இருந்திருக்கு. இனிமே திரும்பாது. வலி இருக்கும். தூங்க வெச்சிடறதுதான் நல்லது” என்றாள்.

நான் லுர்லீனைப் பார்த்தேன். அவள் வைத்தியரிடம், “நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணக் கூடாது. அவர் அதை அந்தப் பையனுக்குக் கொடுத்தாரு. அவன்தான் சொல்லணும்” என்றாள்.

“அவர் எப்ப சொல்லுவாரு?” என்று வைத்தியர் கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “பண்ணுவான் இல்ல? நீங்க வெச்சிடறீங்கன்னு ஊருக்கே தெரியும்” என்றாள்.

வைத்தியர் வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறாள். ஞாயிறு வரை தாங்கும் என்றாள். லுர்லீன் காலையும் மாலையும் வந்து கூண்டுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறாள்.

இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் அந்த ஞாயிறு போயிருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் எனக்கு வாய் வராது. நடந்தது நடந்தபடி உன் கையில் எழுத்தில் இருக்கட்டும். பாதிரியைக் கொன்றது நான். உன் பெயர் யார் கண்ணிலும் படக் கூடாது என்று நினைத்தேன். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

லிலாங்

*

அரிசோனா
அக்டோபர் 16

லிலாங் பாட்டி,

நேற்று நீங்கள் ஒன்றை அழுத்தினீர்கள். வழக்கம்போல ‘டொக்’ என்று வைக்கிற சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன். “டெல்வின்” என்று உங்கள் குரல் கேட்டதும் எதற்கு போன் செய்தேன் என்பதே மறந்துவிட்டது.

பதினைந்து நிமிஷம் கொடுப்பார்கள். நீங்கள் விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகு பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டது. அது லுர்லீன் ஆன்ட்டி என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கோர்ட்டில் எனக்குப் பின் வரிசையில் நாலு நாள் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக எழுதிக் கிழித்த கடிதங்கள் எத்தனையோ. வாய்ப்பு வந்தபோது, “தூங்க வெச்சிடுங்க ஆன்ட்டி” என்றுதான் சொன்னேன். அவர்கள் வீட்டில் இன்னொரு உயிருக்கும் நானே முடிவு சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் “சரி” என்றார்கள். கொஞ்சம் கழித்து, “நான் பிடிச்சுக்கறேன். தனியா விட மாட்டேன்” என்றார்கள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

12ஆம் தேதி எழுதினேன் என்றீர்களே, அது இன்னும் வரவில்லை. 9ஆம் தேதி நான் எழுதியதை நீங்கள் இன்னும் படித்திருக்க மாட்டீர்கள். வந்தால் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஒரு தடவைக்கு மேல் படிக்காதீர்கள்.

இதை எழுதும்போது இங்கே சாப்பாட்டு மணி அடிக்கிறது. கூட இருக்கிற சமோவாக்காரன் என் தட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வான். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். அவன் பெரிய உடம்பு, அவனுக்கு வேண்டும்.

இன்றைக்குத்தானே போகிறீர்கள்? இப்போது அங்கே என்ன மணி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

டெல்வின்

*

குலா
அக்டோபர் 26

டெல்வின்,

16ஆம் தேதி காலை பத்தரைக்கு முடிந்தது. லுர்லீன் சொன்ன மாதிரியே கையில் வைத்துக்கொண்டாள். ஊசி போட்ட பிறகு கறுப்பெல்லாம் விலகி ஒரு பச்சை வந்தது. வெங்காயத் தாள் பச்சை. பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். வைத்தியர் இல்லை என்று தலையாட்டினாள். சாகும்போது சிலது அப்படி ஆகுமாம்.

குழியை லுர்லீனே தோண்டினாள். அவள் வீட்டிலா, நம் வீட்டிலா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டிரக்கை அவள் வீட்டுக்குத்தான் விட்டாள். எனக்கு எழுபத்தாறு வயது, மண்வெட்டி தர மாட்டேன் என்றாள். கையால் மண்ணைத் தள்ளினேன்.

9ஆம் தேதி நீ எழுதியதும் வந்தது. பிரித்தேன். மூன்று தடவை படித்தேன். மறுத்து எழுத ஒன்றும் இல்லை. பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நேற்று 16ஆம் தேதிக் கடிதமும் வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நானே கேட்டைத் திறந்து லுர்லீன் வீட்டுக்குப் போனேன். நான் யார் கடிதத்தையும் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. அவள் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

சமோவாக்காரன் உன் தட்டை வாங்கிக்கொள்கிற வரி வந்ததும் அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நிறுத்துங்க. அதைத் திரும்பப் படிங்க.”

படித்தேன்.

“சாப்பிடறது இல்லையா அவன்?”

“நல்லாத்தான் இருக்கேன்னு எழுதியிருந்தானே.”

“நீங்களும் பச்சோந்திக்கு இடம் புதுசுன்னுதான் எழுதினீங்க.” எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றாள். “கடைசியா எப்பப் பாத்தீங்க அவனை? கண்ணால?”

தீர்ப்பு நாளில் என்றேன். அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. விமானம், வயசு, முட்டிவலி என்று எல்லோரிடமும் ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “அவனை இன்னும் நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா அவன் பட்டினி கிடந்து செத்தான்னு ஒரு சேதி இந்த வீட்டுக்கு வரக் கூடாது. எழுதுங்க அவனுக்கு.”

அதைத்தான் எழுதுகிறேன். உன்னைப் பார்க்க நான் வர வேண்டுமென்றால் ஏதோ ஃபாரம் நிரப்ப வேண்டுமாம். மாரிசெல் இப்போது நிரப்பித் தர மாட்டேன் என்கிறாள், பிறகு தருவாள். அவள் அனுமதி வாங்கிக் கொடுக்கும் வரை காத்திருக்க என்னால் முடியாது. அங்கே பார்வையாளர் அறையில் படம் எடுத்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். எடுத்துக்கொள். அந்தச் சிறை உடுப்பிலேயே நில், எனக்கு ஒன்றும் இல்லை. சிரிக்க வேண்டாம். சட்டையை உள்ளே விட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, வெளிச்சம் முகத்தில் படும்படி நேராக நில். உன் கன்னமும் கையும் எந்த மட்டில் இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் பார்க்க வேண்டும். பழைய படம் எதையும் தேடி எடுத்து அனுப்பி ஏமாற்றாதே. புதுசாக ஒன்று எடுத்து அடுத்த தபாலிலேயே போடு.

லிலாங்